மூன்று மணி நேரச் சீட்டு

டிரைவிங் ஸ்கூலில் பதினாறு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களிடமிருந்து உயிர் பிழைத்து வருகிறவர் மாஸ்டர். எதிரே லாரி வந்தாலும் அவருக்கு வியர்க்காது. அப்பேர்ப்பட்டவருக்கு அந்த ஓட்டல் வாசலில் செக்யூரிட்டி ஒருவர் குனிந்து காருக்குள் பார்த்ததற்கே வியர்த்துக் கொட்டியது. செய்ய வந்த காரியம் அப்படி.

கேளிக்கைப் பூங்காவில் காரை நிறுத்தக் கேட்கும் கட்டணம் அநியாயம் என்பது மாஸ்டரின் கட்சி. பூங்காவை ஒட்டிய ஓட்டலிலோ, சும்மா ஒரு வேளை சாப்பிட வருகிறவர்களுக்கும் மூன்று மணி நேரம் இலவசமாக நிறுத்த இடம் கொடுக்கிறார்கள். கிளட்சை விடத் தெரியாத ஒரு மாணவி இதை மட்டும் சரியாகத் தெரிந்து வைத்திருந்தாள். மாஸ்டர் அன்றைக்கே அந்த ஓட்டலுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு மூன்று பேருக்கு டேபிள் சொன்னார். ஏன் இன்னும் வரவில்லை என்று கூப்பிட்டுப் பிடுங்கக் கூடாதே என்று தன் போன் நம்பரின் கடைசி இலக்கத்தை மாற்றிக் கொடுத்தார். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, பேசாமல் பூங்காவிலேயே காசைக் கட்டிவிடலாமே என்று சொல்லிப் பார்த்தாள். அவள் பேச்சு எடுபடவில்லை.

மாஸ்டரின் கவலையெல்லாம் மகளைப் பற்றித்தான். ஆறு வயது. வீட்டில் நடப்பதை எதிர்வீட்டுக்கு உடனுக்குடன் ஒலிபரப்பிவிடுவதால் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். அதனால் வழியெல்லாம் பாடம் நடந்தது. யார் கேட்டாலும் ஓட்டலுக்குச் சாப்பிட வந்தோம். பார்க்குக்குப் போகவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் போகவில்லை. மாஸ்டர் மாணவர்களுக்குக்கூட ரிவர்ஸ் எடுக்க இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

செக்யூரிட்டி பெரியவர்களை விட்டுவிட்டுக் குழந்தையைத்தான் கேட்டார். "எங்க பாப்பா போறீங்க?"

"ஓட்டல்ல சாப்பிட வந்திருக்கோம். மூணு பேருக்கு டேபிள் சொல்லியிருக்கோம்."

செக்யூரிட்டி சிரித்துக்கொண்டே சீட்டில் நேரம் எழுதிக் கொடுத்தார். மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. காரை நிறுத்தி, சீட்டைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, அதைப் போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். ஓட்டலின் முன்கதவில் நுழைந்து, காபி ஷாப்பைத் தாண்டி, பின்கதவு வழியாக வெளியேறினார்கள். ஏரிக்கரையோரம் பத்து நிமிட நடை. கம்பித் தடுப்பு பாதி வழிக்கு மேல் இல்லை. மனைவி ரேடியோவை உட்பக்கமாக நடக்கவைத்தாள். பூங்கா வாசலில் டிக்கெட் வாங்கும்போது மணி பன்னிரண்டு.

உள்ளே போனபிறகு மாஸ்டர் ஒரு ராட்டினத்தையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. சீட்டில் இரண்டரை என்று எழுதியிருந்ததா, இரண்டேகாலா என்ற சந்தேகம் அவரை அரித்தது. படகு வரிசையில் நிற்கையில் மனைவி தண்ணீர் வாங்கப் போனாள். மாஸ்டர் மகளின் கையை விட்டுவிட்டுப் போனை எடுத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டரைதான். நிம்மதியாகப் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். பிடிப்பதற்குக் கை இல்லை.

முதலில் அவர் பயப்படவில்லை, கோபம்தான் பட்டார். வரிசையின் முன்னும் பின்னும் தேடினார். பிறகு கூப்பிட்டார். பிறகு கத்தினார். நூறு குழந்தைகள் கத்துகிற இடத்தில் அவர் குரல் யார் காதிலும் விழவில்லை. தண்ணீர் பாட்டிலோடு வந்த மனைவி, அவர் முகத்தைப் பார்த்ததுமே பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு ஊஞ்சல்கள் பக்கம் ஓடினாள். மாஸ்டர் காணாமல்போன குழந்தைகளுக்கான அறைக்கு ஓடினார்.

அங்கே இருந்த அதிகாரி நீலச் சட்டை போட்ட ஒரு பெண்மணி. நிதானமானவர். வயது, உயரம், மஞ்சள் கவுன் எல்லாம் எழுதிக்கொண்டார். அடுத்து அவர் கேட்டதுதான் வினை.

"எதுல வந்தீங்க சார்? தொலைஞ்சு போற பிள்ளைங்க பாதிப் பேர் நேரா வண்டிகிட்டதான் போவாங்க. எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"பஸ்ல வந்தோம்," என்றார் மாஸ்டர்.

யோசித்துச் சொன்னதல்ல. காலையிலிருந்து மகளுக்குச் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்து, அவர் வாய்க்கும் பொய் பழகிப்போயிருந்தது. கார் வரைக்கும் அவ்வளவு தூரம் குழந்தை எங்கே போகப்போகிறாள் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். பஸ் ஸ்டாப்புக்கு இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒலிபெருக்கியில் மகளின் பெயர் திரும்பத் திரும்பக் கேட்டது. அந்தப் பெயரை அதுவரை அவ்வளவு பயங்கரமாக அவர் கேட்டதில்லை.

ஒரு மணி நேரம் போனது. பஸ் ஸ்டாப்பில் இல்லை. கழிவறைகளில் இல்லை. படகுகளை நிறுத்தினார்கள். நீளக் கழிகளோடு நான்கு பேர் ஏரிப்பக்கம் போவதை மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதற்குக் கழி என்று அவர் கேட்கவில்லை. தடுப்பில்லாத கரையும், அதன் ஓரத்தில் மஞ்சள் கவுனும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

அப்போது மனைவி வந்தாள். தலை கலைந்து, ஒரு காலில் செருப்பில்லை. "என்னங்க, கார்கிட்ட பாத்தாச்சா?" என்றாள்.

நீலச் சட்டைக்காரர் எழுதுவதை நிறுத்தினார். மாஸ்டர் இரண்டு பெண்களின் முகத்தையும் பார்க்கவில்லை. "பஸ் இல்லம்மா. கார். அந்த ஓட்டல்ல நிக்குது. நான் பொய் சொல்லிட்டேன்," என்றார். மனைவி மற்றக் காலின் செருப்பையும் கழற்றிப் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அதிகாரி போனை எடுப்பதற்குள் மாஸ்டர் ஓடத் தொடங்கிவிட்டார். வெளியே போகும் கதவில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வயதுக் குழந்தை தனியாகப் போனாலும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று அவருக்கு அப்போது புரிந்தது. ஏரிக்கரையில் தண்ணீரைப் பார்க்காமல் ஓட நினைத்தார். பார்த்துக்கொண்டேதான் ஓடினார். காருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. காருக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். பிறகுதான் ஓட்டலுக்குள் போனார்.

காபி ஷாப்பில், மூன்று பேருக்குத் தட்டு வைத்த ஒரு டேபிளில், ரேடியோ கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் தரையில் எட்டவில்லை. மாஸ்டர் அங்கேயே, நடக்கிறவர்களின் வழியில், முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பரிமாறும் பெண் ஓடி வந்து நடந்ததைச் சொன்னாள். குழந்தை தனியாகத்தான் வந்தாள். டேபிள் சொல்லியிருக்கிறோம் என்றாள், அப்பா பெயரைச் சொன்னாள். பதிவேட்டிலும் அந்தப் பெயர் இருந்ததால் பெற்றோர் பின்னால் வருகிறார்கள் என்று உட்கார வைத்தார்கள். வரவில்லை என்றதும் பதிவில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டார்கள். யாரோ ஒருவர் எடுத்து, இதே தொல்லையா என்று திட்டினார். அம்மா அப்பாவை ஓட்டல் முழுக்கத் தேடினார்கள்.

"பார்க்குல தொலைஞ்சியாம்மான்னு நாலு தடவை கேட்டோம் சார். பார்க்குக்கு நாங்க போகவே இல்லன்னு ஒரே பிடியா சொல்லிடுச்சு. அதனாலதான் அங்க சொல்லல."

மாஸ்டர் மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். ரேடியோ அவர் காதருகே வந்து, யாருக்கும் கேட்காமல் ரகசியமாகச் சொன்னாள்: "அழுகை வந்துச்சுப்பா. அப்பவும் நான் யார்கிட்டயும் சொல்லல."

மனைவி வந்து சேர்ந்தபிறகு மூவரும் அந்த டேபிளிலேயே சாப்பிட்டார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் பாதியைத் தட்டிலேயே விட்டார்கள். குழந்தை மட்டும் தட்டைக் காலி செய்தாள்.

வெளியே போகும்போது மணி மூன்றரை. சீட்டின் நேரம் முடிந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. காலையில் இருந்த அதே செக்யூரிட்டி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை சார், சாப்பிட வந்தவர்கள்தானே என்று கதவைத் திறந்துவிட்டார். பிறகு குனிந்து பின்சீட்டைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, நல்லா சாப்பிட்டியா?"

ரேடியோ எட்டி, கண்ணாடியில் தெரிந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவர் இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை.