ஞானையன் கண்டுபிடித்த கொலைகாரன்

"நிறுத்துட்டி. கொலைகாரன் யாருன்னு நான் சொல்லுகேன்."

ஞானையன் கையை உயர்த்தினார். அது பாதி வழியிலேயே போர்வையில் விழுந்தது. கடைசி அத்தியாயத்தைப் புரட்டப்போன நேசபாய் விரலை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கப்பா."

"டாக்டரு. சந்தேகமே இல்ல."

திருவட்டாறு அஞ்சலாபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவர். உறைக்குள் என்ன இருக்கும் என்று ஊகிக்கும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. கண்ணில் புரை விழுந்த பிறகு, மிஷன் பள்ளியில் டீச்சராக இருக்கும் மகள்தான் வாசித்துக் காட்டினாள். இதுவரை பதினோரு துப்பறியும் நாவல்கள்; பதினோரு தடவையும் அவர் சொன்ன ஆள் தப்பு. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவர் அபிப்பிராயம் சொல்ல, அவள் நோட்டில் எழுத வேண்டும். 'பதினேழு அத்தியாயம் உறக்கத்தைக் கெடுத்தது, பதினெட்டாவதில் உறங்கிவிட்டேன்' என்று ஒன்றுக்கு. இடையில் வாசித்த சரித்திரப் புத்தகத்துக்கு, 'யுத்தங்கள் ஏராளம். படைக்குச் சோறு பொங்கினவன் பேர் ஓரிடத்திலும் இல்லை.'

காலையில் வந்த வைத்தியர் அவளை வெளியே அழைத்து, இன்றைக்குத் தாண்டாது என்று சொல்லியிருந்தார். பன்னிரண்டாவதிலாவது அப்பா ஜெயிக்க வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

புரட்டிப் பார்த்தாள். கொலைகாரன் ஜமீன்தாரின் தம்பி. டாக்டர் பரம சாது.

நேசபாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அச்சில் இல்லாததை வாசிக்கத் தொடங்கினாள். கதை கட்டிப் பழக்கமில்லாததால், சபையில் வேதம் வாசிக்கும் நடையும் ராகமும்தான் வாயில் வந்தன. "அப்பொழுது துப்பறிகிறவன் டாக்டரை நோக்கி: உன் கையிலிருக்கிற விஷக்குப்பி யாருடையது என்றான். டாக்டரோ தன் வஸ்திரத்தைக் கிழித்து, தலையில் புழுதியைப் போட்டுக்கொண்டு: நானே அந்தப் பாதகன் என்றான்."

அதுவரை சென்னையில் கோட்டும் தொப்பியுமாகத் திரிந்த டாக்டர்! ஜெபிக்க வந்த உபதேசியார் ராகத்தைக் கேட்டு வாசலிலேயே தலைகுனிந்து நின்றார். முடிந்ததும் "ஆமென்" என்றார்.

ஞானையனுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "பாத்தியா, நான் சொன்னேனில்லியா! எழுது மக்கா. முடிவு பிரமாதம். இப்படி ஒரு முடிவ வேற எங்கயும் கேட்டதில்ல."

எழுதினாள். சாயங்காலம் நாலு மணிக்கு அவர் போய்விட்டார். முகத்தில் அந்தச் சிரிப்பு முழுக்கக் கலையவில்லை.

மறுநாள் அடக்கத்துக்கு அருமனையிலிருந்து ததேயுஸ் வந்தார். நாவல்களை பைண்டு செய்து ஊரெல்லாம் இரவல் கொடுப்பவர். நேசபாய் மறக்காமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இத மறுபடியும் எதுக்குக் கேட்டாருன்னு எனக்கு மனசிலாகல்ல டீச்சரே. கண்ணு நல்லா இருந்தப்போ மூணே நாளுல வாசிச்சுத் தந்ததாக்கும். தம்பிக்காரன்தான் கொலைகாரன்னு பாதியிலேயே கண்டுபிடிச்சாச்சுன்னு என்னட்ட என்னா பெருமை அடிச்சாரு!"

நேசபாய்க்கு அப்போதுதான் புரிந்தது. டாக்டர் இல்லை என்று தெரிந்தேதான் அப்பா சொல்லியிருக்கிறார். வஸ்திரம், புழுதி எல்லாவற்றையும் தெரிந்தேதான் கேட்டிருக்கிறார்.

அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. சத்தியபாய் சித்தி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அழுதுரு மக்கா, நல்லா அழுதுரு."

பெட்டியை மூட வந்தவர்கள் அவள் அடங்கட்டும் என்று விலகி நின்றார்கள். உபதேசியார் பாட்டின் கடைசிச் சரணத்தை இன்னொரு தடவை பாடவைத்தார்.