குடிக்காத கிண்ணம்

அவ்வாதின் வீட்டுக்கு ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு செல்வதென்று முடிவானபோது, பெரியப்பா அபூ ஃபஹத் என்னைத் தனியே அழைத்து ஒரே ஓர் எச்சரிக்கைதான் செய்தார்.

"நாயிஃப், அங்க காப்பி ஊத்துவாங்க. கையில வாங்கு. உனக்கு முன்னால தரையில வை. அவன் 'கேட்டது கொடுத்தாச்சு, குடிங்க'ன்னு சொல்ற வரைக்கும் உதட்டுக்கிட்டகூடக் கொண்டு போகாத."

"பெரியப்பா, நான் ஹவ்ரான் மண்ணுல பொறந்தவன். காப்பி குடிக்கறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா?"

"குடிக்கறதுக்கு இல்லடா. குடிக்காம இருக்கறதுக்குச் சொல்லித் தரேன். ஜெர்மனியில அது மறந்திருக்கும்."

எனக்கு அது மறந்திருக்கவில்லை. கேட்டது கிடைக்கும்வரை கிண்ணம் நிறைந்தே இருத்தல் வேண்டும். நிறைந்த கிண்ணத்தை விட்டுவிட்டு விருந்தாளி எழுந்து போனால், அந்த வீட்டுக்காரன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க இயலாது. வந்தவனே அவசரப்பட்டுக் குடித்துவிட்டால், அவன் கேட்க வந்ததும் அத்தோடு தீர்ந்தது. இதைப் பேசக் கற்பதற்கு முன்பே நாங்கள் கற்றிருந்தோம்.

நாங்கள் கேட்கப் போனது பணமுமன்று, பெண்ணுமன்று. ஓர் இடம். என் தம்பி ஹைதம் புதைக்கப்பட்ட இடம்.

ஆட்சிக்கெதிரான கிளர்ச்சி தொடங்கிய இரண்டாம் ஆண்டில், ரொட்டி வாங்கச் சென்றவனைப் படையினர் சோதனைச் சாவடியில் வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டார்கள். ரொட்டிப் பையை மட்டும் ஓட்டுநர் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். சில மாதங்களில் எங்கள் தெருவின்மீது குண்டுகள் விழத் தொடங்கின. வாப்பாவும் உம்மாவும் நானும் எல்லை கடந்து ஜோர்டானுக்குப் போனோம். அங்கே இர்பித் நகரில் தங்கினோம். நான் கடலையும் காடுகளையும் கடந்து ஜெர்மனிக்குச் சென்று, ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்கு அமர்ந்தேன். அதன்பின் வாப்பா இர்பித்திலேயே காலமானார். உம்மாவை என்னோடு அழைத்துக்கொள்ளப் பலமுறை முயன்றேன். அவர் இர்பித்தை விட்டு அசையவில்லை.

"அவன் வெளிய வந்தா எல்லை வரைக்கும் நடப்பான். கடல் வரைக்குமா நடப்பான்?" என்பார்.

டிசம்பரில் ஆட்சி விழுந்தது. சிறைக் கதவுகள் திறந்தன. கைபேசியில் வந்த ஒவ்வொரு முகத்தையும் உம்மா விரலால் விரித்துப் பார்த்தார். தாடி மண்டிய முகங்களில், தாடியை உள்ளங்கையால் மறைத்துக் கண்களை மட்டும் பார்த்தார். அவற்றுள் எதுவும் ஹைதமின் கண்களாக இல்லை. நான் ஜெர்மனியிலிருந்தும் அவர் இர்பித்திலிருந்தும் ஊர் வந்து சேர்ந்தோம். வீட்டில் கருங்கற் சுவர்கள் நின்றன. கூரையும் கதவுகளும் களவு போயிருந்தன. ஓர் அறைக்குத் தார்ப்பாய் கட்டி, அதில் அடுப்பை மூட்டிக் குடியேறினோம்.

ஒரு வாரம் கழித்து, சிறையிலிருந்து மீண்ட பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்தார். அவர் ஹைதமோடு ஒரே அறையில் இருந்தவர். ஹைதம் அந்த முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை என்றார். இறந்தவர்களை லாரியில் ஏற்றி எங்கள் ஹவ்ரான் சமவெளிக்கே கொண்டுவந்து புதைத்தார்களாம். குழி தோண்டுவதற்கு எங்கள் ஊராட்சியின் பொக்லைனைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். அந்தப் பொக்லைனை ஓட்டியவன் யார் என்று எங்கள் ஊரில் எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவன் அவ்வாத்.

உம்மா அழவில்லை. அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னார்: "அப்போ அவன் இங்கதான் இருந்திருக்கான். நான்தான் ஊர்ல இல்லாமப் போயிட்டேன்."

நான் அவ்வாதைத் தேடி இருமுறை போனேன். முதன்முறை, இரும்புக் கதவைப் பாதி திறந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி மூடிவிட்டான். அடுத்தமுறை, தனக்குச் சர்க்கரை நோய் என்றும், அதனால் பழைய நினைவெல்லாம் போய்விட்டதென்றும் சொன்னான். சொல்லும்போது என் தோளுக்கு அப்பால் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பொய் சொல்லுகிறான் என்பதையும், அஞ்சிச் சொல்லுகிறான் என்பதையும் நான் ஒருங்கே உணர்ந்தேன். குழி தோண்டியவன் என்று அவன் பெயர் வெளிப்பட்டுவிட்டால், பிள்ளையை இழந்த எந்த வீட்டிலிருந்தும் ஒருவன் துப்பாக்கியோடு வரலாம். காலம் அப்படி இருந்தது. ஆதலால்தான் பெரியவர்களை முன்னிட்டுக்கொண்டு போவதென்று பெரியப்பா தீர்மானித்தார். அவர்கள் கேட்டால் அவன் மறுப்பது கடினம். சொன்னால் அவனைக் காப்பதும் அவர்களுடைய பொறுப்பாகிவிடும்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து நாங்கள் புறப்பட்டபோது, உம்மா கறுப்பு மேலாடையை அணிந்து வாசலில் நின்றார்.

பெரியப்பா தயங்கினார். "ஃபித்தா, இது ஆம்பளைங்க உட்கார்ற சபை. நீ உள்ளே அவன் பொண்டாட்டியோட இரு. நாங்க பேசிக்கிறோம்."

"ஹைதம் ஆம்பளைங்க வயித்துலேருந்தா பொறந்தான்?"

பெரியப்பா தம் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "வண்டியில ஏறு" என்றார்.

அவ்வாதின் விருந்தினர் கூடத்தில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் சுவரோரமாக மெத்தைகளில் அமர்ந்தோம். உம்மா கதவருகில் அமர்ந்தார். எதற்காக வந்திருக்கிறோம் என்பதை அவ்வாத் எங்களைக் கண்டவுடனேயே அறிந்துகொண்டான் என்பதை அவனுடைய முகம் காட்டியது. எனினும் விருந்தோம்பல் முறையில் அவன் ஒன்றையும் குறைக்கவில்லை. முதற் கிண்ணத்தைத் தானே குடித்துக் காட்டினான். பின்னர், இடக்கையில் கூஜாவும் வலக்கையில் கிண்ணமுமாக ஒவ்வொருவர் முன்னும் குனிந்து ஊற்றினான். பெரியப்பா வாங்கித் தரையில் வைத்தார். மற்றவர்களும் அவ்வாறே வைத்தார்கள். உம்மாவின் முன் வந்தபோது ஒரு கணம் நின்றான். பின் அவருக்கும் ஊற்றினான். அவரும் வாங்கித் தரையில் வைத்தார்.

நான் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

பெரியப்பா பேசத் தொடங்கினார். அவர் எந்தக் காரியத்தையும் நேராகத் தொடுபவர் அல்லர். இறைவனைப் புகழ்ந்தார். இந்த ஆண்டின் மழையைப் புகழ்ந்தார். அவ்வாதின் பாட்டனார் ஒருமுறை கிணற்றில் விழுந்த கழுதையை ஒற்றை ஆளாகத் தூக்கிய கதையைச் சொன்னார். வெளியே பனிக்காற்று வீசிற்று. என் விரல்கள் மரத்திருந்தன. கிண்ணத்தின் சூடு உள்ளங்கையில் ஏறியது. ஏலக்காய் தூக்கலாகவும், கொட்டை சற்றே கருகலாகவும் ஒரு மணம் எழுந்தது. எங்கள் வீட்டில் காப்பிக்கொட்டை வறுப்பது ஹைதமின் வேலை. அவன் எப்போதும் ஒரு நிமிடம் கூடுதலாக வறுத்துவிடுவான், வாப்பா திட்டுவார். சரக்குக் கிடங்கிலோ இடைவேளை மணி அடித்தால் அடுத்த மணிக்குள் குடித்தாக வேண்டும். அங்கே கைக்கும் வாய்க்கும் நடுவில் மூளைக்கு வேலையில்லை.

யாரோ பக்கத்தில் மூச்சை உள்ளிழுத்த ஓசை கேட்டுத்தான் குனிந்து பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் மண்டி மட்டும் இருந்தது.

கழுதை இன்னும் கிணற்றிலேயே இருக்க, பெரியப்பா பேச்சை நிறுத்தியிருந்தார்.

"நல்லா இருங்க! உடம்புல ஒட்டட்டும்!" என்று அவ்வாத் துள்ளி எழுந்தான். அவன் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்க எனக்குக் கூசியது. "குடிங்க பெரியவரே, எல்லாரும் குடிங்க. அண்ணனே குடிச்சிட்டாரு. அப்புறம் என்ன? இன்னொரு கிண்ணம் ஊத்தட்டுமா நாயிஃப்?"

பெரியப்பா என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "பத்து வருஷத்துல அந்த நாட்டுல உனக்குத் தாகத்தைத் தவிர வேற ஒண்ணும் கத்துக் கொடுக்கலையா?"

நாக்கில் இன்னும் கசப்பு இருந்தது. பெரியவர் ஒருவர் பெருமூச்சு விட்டு எழுவதற்காகக் கைத்தடியை ஊன்றினார். இனி இவ்வூரில் எவரும் எங்களுக்காக இரண்டாம் முறை இவ்வீட்டு வாசலை மிதிக்க மாட்டார். அவ்வாதும் வாய் திறக்க வேண்டியதில்லை. தம்பியை நான் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டேன்.

"யாரும் எழுந்திருக்க வேண்டாம்" என்றார் உம்மா.

அவர் குரலை உயர்த்தவில்லை. தம்முன் இருந்த கிண்ணத்தை விரல்நுனியால் சற்றே முன்னுக்குத் தள்ளினார்.

"நாயிஃப் குடிச்சது அண்ணனோட பங்கு. அவன் பங்கு போச்சு, போகட்டும். தாயோட பங்கு இங்க ஆறிக்கிட்டிருக்கு, அவ்வாத்."

அவ்வாத் கூஜாவைப் பிடித்தபடியே நின்றான். "நாயிஃப் உம்மா… இந்தக் கூடத்துல பொம்பளைங்க கிண்ணத்துக்குக் கணக்கு இருந்ததில்லையே."

"இருந்ததில்லதான். பொம்பளைங்க இத்தனை வருஷம் வாசலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்ததும் இருந்ததில்ல. எதுதான் முன்ன மாதிரி இருக்கு?"

அவன் ஆதரவு தேடுபவனைப் போலப் பெரியப்பாவைப் பார்த்தான். முறைமையில் ஓர் அணுவும் பிசகாத அபூ ஃபஹத், தாடியைத் தடவிக்கொண்டே கூரையைப் பார்த்தார். "என்னைக் கேட்காதப்பா. காப்பியை ஊத்தினவன் நீ. கணக்கு இல்லேன்னா ஏன் ஊத்தின?"

கணப்பில் ஒரு கட்டை முறிந்து விழுந்தது. உம்மாவின் கிண்ணத்தில் ஆவி அடங்கிவிட்டது.

அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. "அவ்வாத்! அந்தக் கிண்ணம் அப்படியே உள்ளே வந்தா, நான் அதைக் கழுவ மாட்டேன். சொல்லிட்டேன்."

அவ்வாத் கூஜாவைக் கீழே வைத்தான். பின் அவனும் கீழே அமர்ந்தான். வீட்டுக்காரனுக்குரிய இடத்தில் அல்ல, கூடத்தின் நடுவில், உம்மாவுக்கு எதிரில்.

"என்னை வீட்டுலேருந்து துப்பாக்கி முனையில இழுத்துட்டுப் போனாங்க."

"தெரியும்."

"நான் யாரையும் கொல்லல."

"தெரியும். நான் பழி கேட்டு வரல, அவ்வாத். இடம் கேட்டு வந்திருக்கேன்."

"சொன்னா, நாளைக்கு ஊரே வரும்."

"வரட்டும்" என்றார் பெரியப்பா. "கையில மண்வெட்டியோட வர்றவனுக்கு வழி விடு. துப்பாக்கியோட வர்றவன் முதல்ல என் வீட்டைத் தாண்டி வரணும். இங்க உட்கார்ந்திருக்கிற எல்லாரோட வீட்டையும் தாண்டி வரணும்." மற்றப் பெரியவர்கள் தத்தம் மார்பில் கைவைத்து அதனை ஒப்புக்கொண்டனர்.

அவ்வாத் தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்தான். "குடிங்க, நாயிஃப் உம்மா. கேட்டது கொடுத்தாச்சு. இன்னைக்கே, இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

உம்மா அந்த ஆறிய காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். போதும் என்பதற்கு அடையாளமாகக் கிண்ணத்தை ஆட்டவில்லை, மறுபடி நீட்டினார். அவன் ஊற்றினான். அதன் பிறகே மற்றவர்கள் தங்கள் கிண்ணங்களை எடுத்தார்கள்.

நானும் என் வெற்றுக் கிண்ணத்தைத் தயக்கத்தோடு நீட்டினேன். பெரியப்பா அதைப் பிடுங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். "உனக்கு வேண்டாம். நீ ஏற்கெனவே முழுக் கூட்டத்துக்கும் சேர்த்துக் குடிச்சிட்ட." திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

அந்த இடம் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. கைவிடப்பட்ட கல் குவாரிக்கு அப்பால், ஒரு கோதுமை வயல். நான் பள்ளிக்குச் சென்ற காலத்தில் ஹைதமோடு அவ்வழியே சைக்கிளில் போயிருக்கிறேன். மழை நன்றாகப் பெய்திருந்ததால் பயிர் கணுக்கால் உயரம் எழுந்திருந்தது. வயலின் ஓரமாக ஒரு நீண்ட பட்டையில் மட்டும் எவரும் விதைக்கவில்லை. அங்கே வெறும் புல் முளைத்திருந்தது. அந்நிலத்துக்காரர் எவராயினும், அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அவ்வாத் புல்லை மிதிக்காமல் ஓரத்திலேயே நின்றான்.

"எனக்கு இட்ட உத்தரவு வெறும் குழி. எப்படி வேணா வெட்டுன்னாங்க. நான் கிப்லாவைக் கணக்குப் பண்ணி வெட்டினேன். கீழே படுக்கறவங்க முகம் தெற்கே, மக்காவைப் பார்க்கற மாதிரி. அவங்களுக்கு அது தெரியாது. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்." உம்மாவைப் பார்த்து, "உங்க பையன் எங்கேன்னு எனக்குத் தெரியாது. எல்லாரையும் துணியில சுத்தியிருந்தாங்க" என்றான்.

உம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லின் விளிம்பில் அமர்ந்தார். ஈரமண்ணில் உள்ளங்கையைப் பரப்பி வைத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல அது எனக்குத் தோன்றியது.

"அவன் எங்கேன்னு தெரிய வேண்டாம். எல்லாருக்கும் சேர்த்து ஓதுறேன். மத்த உம்மாமார் வர்ற வரைக்கும்." பின் தலையைத் திருப்பாமலே அழைத்தார்: "அவ்வாத், ஏன் அங்கேயே நிக்கிற? வா. இவங்களைக் கடைசியாப் படுக்க வச்சவன் நீ."

அவன் வந்து அவருக்குச் சற்றுத் தள்ளி மண்டியிட்டான். பெரியவர்கள் பின்னால் நின்று கைகளை ஏந்தினார்கள். பாத்திஹா ஓதும் குரல்கள் காற்றில் மெல்ல எழுந்தன.

நான் அசையாமல் நின்றேன். இத்தனை ஆண்டுகளாக எங்கும் அழாதவன் நான். கடலில் அழவில்லை, வாப்பாவின் அடக்கத்தைக் கைபேசித் திரையில் பார்த்தபோதும் அழவில்லை. எல்லாம் முடியட்டும், செய்தி உறுதியாகட்டும், ஊர் போய்ச் சேரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போதும் வந்த அழுகையை உதட்டைக் கடித்து நிறுத்திக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா பக்கத்தில் வந்து நின்றார். தம் ஆட்டுத்தோல் அங்கியின் ஒரு பாதியை என் தோளின்மேல் இழுத்துப் போட்டார்.

"டேய் நாயிஃப்" என்றார் தாழ்ந்த குரலில். "காப்பிக்குத்தான் உன்னைக் காத்திருக்கச் சொன்னேன். இதுக்கு இல்ல."