பதினான்கு பாகை

இறந்தவர்கள் பொய் சொல்வதில்லை. விஞ்ஞானமே அவர்களின் நாவு. அந்த நாவு அசைந்தால் எந்தக் கொலைகாரனும் தப்ப முடியாது.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒரு பொலிஸ் நிலையத்தின் வெள்ளைப் பலகையில் இந்த வாசகத்தை எழுதிவைத்தவர் இன்ஸ்பெக்டர் பாக்கியரத்தினம். கொழும்பில் மூன்று நாள் தடயவியல் பயிற்சி பெற்று வந்தவர். மூன்றாம் நாள் குழுப்படம் எடுப்பதிலேயே போய்விட்டது. இரண்டாம் நாள் அவருக்கு வயிற்றோட்டம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கிறிஸ்தோபரின் மீன்படகு ஒரு பிரேதத்தோடு இறங்குதுறைக்கு வந்தது. குறிஞ்சாக்கேணி இன்பாஸ். திங்கள் காலை தனியே தோணியில் கடலுக்குப் போனவன். பின்மண்டை பிளந்திருந்தது.

"அலைஞ்சுகொண்டிருந்த தோணிக்குள்ள கிடந்தவர் ஐயா, ஏத்திக்கொண்டு வந்தனாங்கள்" என்றார் கிறிஸ்தோபர். அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் தன் புதுப் பெட்டியைத் திறந்தார். சனம் சுற்றி நின்று பார்த்தது. கையுறை ஓர் அளவு சின்னது. இரண்டு கொன்ஸ்டபிள்மார் பிடித்து இழுத்து மாட்டிவிட்டார்கள். வெப்பமானியைப் பிரேதத்தின் அக்குளில் செருகி, கண்ணை மூடி நின்றார்.

"பதினாலு பாகை! மனிசற்ற சூடு முப்பத்தேழு. செத்தா மணித்தியாலத்துக்கு ஒண்டு இறங்கும். அப்ப இருபத்திமூண்டு மணித்தியாலம். நேற்றுப் பகல் பன்னிரண்டுக்குக் கொலை!"

யாரோ கைதட்டினார்கள். ஒருவன் கைப்பேசியில் படமும் பிடித்தான்.

திங்கள் காலை இன்பாஸோடு கிழிந்த வலைக்காகச் சண்டை பிடித்து, "உன்னக் கடல்ல வச்சு முடிக்கிறன்" என்று கத்தியவன் அர்ஷாக். பகல் பன்னிரண்டுக்கு அவனும் தனியே கடலில்தான் நின்றான். சாட்சி இல்லை. வேறென்ன வேண்டும்? பாலையூற்றில் ஒரு கலியாண வீட்டில் பலர் சேர்ந்துண்ணும் சகன் தட்டுகளுக்குச் சோறு அள்ளிக்கொண்டு நின்றவனை அப்படியே ஏற்றினார்கள். கையிலிருந்த பெரிய அகப்பை தடயப் பொருளென்று பொலித்தீன் உறைக்குள் போனது.

அர்ஷாக்கின் மனைவி ஷிஃபானா புதன் காலை ஆஸ்பத்திரியில் போய் நின்றாள். சட்ட வைத்திய அதிகாரி நிலுஷா பரிசோதனையை முடித்துவிட்டு, இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டிருந்தார்.

"நேற்று இந்த ஊரில நிழலிலயே முப்பத்திரண்டு பாகை. ஒரு கல்லைப் போட்டு வச்சாலும் பதினாலுக்கு இறங்காது. பிரேதம் எப்பிடி இறங்கினது?"

"கடற்காத்து, டொக்டர்."

"வெப்பமானிய எங்க வச்சனீங்கள்?"

"அக்குளுக்க."

"ஏன், அவருக்குக் காய்ச்சலோ?"

இன்ஸ்பெக்டர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"தோல்தான் குளிர்" என்றார் நிலுஷா. "நேற்றுப் பகல் கொண்டுவந்த உடன நான் ஈரலுக்க வச்சுப் பாக்கேக்க இருபத்தாறு இருந்தது. வெளியால குளிர், உள்ளுக்கு இன்னும் சூடு. ஐஸில போட்டாத்தான் இப்பிடி வரும். இந்தாள் செத்தது செவ்வாய் விடிய, ஆறு மணிக்குக் கிட்ட."

வாசலில் நின்ற ஷிஃபானா உள்ளே வந்தாள். "டொக்டர், திங்கள் பின்னேரம் அசர் தொழுகையில இருந்து பொலிஸ் வாற வரைக்கும் என்ட மாப்புள்ள கலியாண வீட்டுச் சட்டியடியிலதான் நிண்டவர். இருநூறு பேர் கண்டவங்க!"

"ஐஸில போட்டதுக்குச் சாட்சி எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். "நீதவானுக்கு முன்னால நான் என்னத்தச் சொல்லுறது? என்ர கணக்குப் பிழையெண்டோ?"

அதைச் சொல்வதைவிட ஓர் ஆள் மறியற்சிறையில் கிடப்பது அவருக்கு லேசாக இருந்தது.

ஷிஃபானா நேரே இறங்குதுறைக்குப் போனாள். கிறிஸ்தோபர் அவளைக் கண்டதும் வலையை உதறத் தொடங்கினார். அது ஏற்கெனவே உதறிய வலை.

"ஐஸில போட்டீங்களா, அண்ண?"

"தங்கச்சி, ஆறரைக்குக் கண்டனாங்கள். கரைக்கு வர நாலு மணித்தியாலத்துக்கு மேல. அந்த வெயிலுக்க நாறவிட்டுக் கொண்டுவாறது மனிசத்தன்மையோ?"

"எந்தப் பெட்டியில?"

"இருந்தது ஒரு பெட்டிதானே."

"அதுக்க மீன் இருந்திச்சே?"

"மீன் கீழ. அவர் மேல." அவர் குரல் தேய்ந்தது. "நடுவில படங்குச் சீலை ஒண்டு விரிச்சனான், வடிவா."

ஷிஃபானா அப்படியே தரையில் குந்தினாள். "அந்த மீன?"

"வித்திட்டன். இதை வெளியில சொன்னா இனி ஆர் என்னட்ட மீன் வாங்குவினம்?"

"உங்களுக்கு யாவாரம் போகும். எனக்கு மாப்புள்ள போவார். எது பாரமெண்டு நீங்களே நிறுத்துப் பாருங்க."

கிறிஸ்தோபர் வலையைக் கீழே போட்டார்.

அன்று பின்னேரமே அவர் வாக்குமூலம் கொடுத்தார். விடிய ஆறு மணிக்கு அந்தக் கடலில் நின்ற வேறு தோணியைத் தேடியபோது ஒன்றே ஒன்று அகப்பட்டது. அதன் துடுப்பின் வெடிப்புக்குள் காய்ந்த இரத்தம். ஆய்வுகூட முடிவு வருவதற்குள், துடுப்பின் சொந்தக்காரன் தானே கொலையை ஒப்புக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் கிறிஸ்தோபர் கூண்டில் ஏறி, ஐஸ் பெட்டியைப் பற்றிச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மீன் வாங்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு சட்டத்தரணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அர்ஷாக்கை விடுவிக்கக் கட்டளை பிறந்தபோது ஷிஃபானா ஒருத்திதான் அழுதாள். மற்றவர்கள் இன்னும் மீன் நினைப்பிலேயே நின்றார்கள்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பெட்டியில் இருந்த மீன் எங்கே?"

"கனபேர் வாங்கினவை, ஐயா."

"ஞாபகமுள்ளதைச் சொல்லும்."

கிறிஸ்தோபர் தலையைச் சொறிந்தார். "பிரேதத்தை ஒப்படைச்சுக் கையெழுத்து வைக்கேக்க, நல்ல பாரை மீனா ரெண்டு பாத்தெடுத்து இன்ஸ்பெக்டர் ஐயாவின்ர ஜீப்பில வச்சனான்."

ஒன்றைச் செவ்வாய்க்கிழமையே பொரித்திருந்தார்கள். மற்றது பாக்கியரத்தினம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இன்னும் இருந்தது.