இல்லைன்னு சொன்ன பிறகு

...முடியை விட்டாலாவது பேசலாம், எங்க விடுறான், கொத்தாப் பிடிச்சுச் சுவத்துல ஒரு மோது, கவிதாவுக்குக் கண்ணுல பூச்சி பறந்தது, நெத்தியிலேர்ந்து சூடா இறங்குது, ரத்தமா, ரத்தந்தான், “சொல்லுடி, உன் ஏசு இல்லன்னு சொல்லு, வுட்டுடுறேன்,” தாலி கட்டின தேவேந்திரன் குரல்தான், அஞ்சு மாசத்துக் கரு கலைஞ்ச அன்னிலேர்ந்து மாட்டை அதட்டுற குரலாப் போச்சு. வெள்ளிக்கிழமையானா வயித்தைக் காயப்போட்டு என் பிள்ளையைக் கொன்னியேடி... உபவாசத்தால இல்லப்பா, அது தங்குற கருவே இல்லன்னு ஆஸ்பத்திரி நர்சம்மா தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க, பாவி காதுல ஏறினாத்தானே! அவளுக்கே ஏறலையே... நாமளேதான் கொன்னுட்டோமோ? அடிவயித்துல அவன் உதைச்சப்போ வலியைவிட அந்தப் பாழாப்போன கேள்விதான் பெருசா வந்தது.

விசுவாசம் தேவன் கொடுக்கிறதும்மா, நீ சம்பாதிக்கிறது இல்லன்னு செஞ்சி சபையில பாஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார், இவ கேட்டாளா, ராஜகிரிக் கோட்டை ஏறுற மாதிரி மூச்சு வாங்க வாங்க ஏறினா, விடியக்காலை ஜெபம், மனப்பாட வசனம், பட்டினி, அடேயப்பா, என்ன பாடு! கொன்னாலும் மறுதலிக்க மாட்டேன்னு எல்லாரும் பார்க்க எழுந்து நின்னு சாட்சி சொன்ன வாய்தானே இது... ஐயோ, மம்பட்டியை எடுத்துட்டான். சிங்கவரம் ஊரே கதவுக்கு வெளிய நிக்குது, ஒரு நாதி உள்ள வரலை, மம்பட்டி தலைக்கு மேல தூக்கிட்டான், வசனம் ஒண்ணாவது வாயில வருதா, வரலையே, படிச்சதெல்லாம் எங்கடி போச்சு... “இல்லய்யா,” கத்திட்டா, “ஏசு இல்ல, யாருமே இல்ல, வுட்டுடுய்யா!”

மம்பட்டி தரையில விழுந்தது. அவன் அப்படியே குந்தி மூஞ்சைப் பொத்திக்கிட்டு, எம்புள்ள எம்புள்ளன்னு அழறான், அழுது தொலை. அவ்ளோதானா... இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் ஒரு மம்பட்டிக்குத் தாங்கலையே, ச்சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா, பாஸ்டர் மூஞ்சில எப்படி முழிப்பேன்... கிழிஞ்ச உதட்டோட கிடந்தபடி முணுமுணுத்துக்கிட்டே இருந்தா, மன்னிச்சுடுப்பா, பயந்துட்டேன், உன்னை இல்லன்னு சொல்லிட்டேன்பா, கோவிச்சுக்காத, எம்புள்ள உன்கிட்டதானே இருக்குது, பார்த்துக்கப்பா... சட்டுனு வாய் நின்னது. யார்கிட்டடி பேசுற? இல்லன்னு இப்பத்தானே கத்தின... வசனமும் இல்ல, உடம்புல தெம்பும் இல்ல, ஜெபிக்கணும்னு நினைக்கக்கூட இல்ல, அப்போ இது எங்கேயிருந்து வருது?