கடையில் வாங்கிய முடி

கிரண்குமாரின் தலைமுடி ஏழுமலையானுக்குரியது என்பது திருப்பதிக்குப் பக்கத்துப் புத்தூரில் அந்தத் தெருவுக்கே தெரியும். அவன் அப்பா வரதராஜன் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனபோது அம்மா பாப்பாத்தி வேண்டிக்கொண்டாள். அவர் நல்லபடியாகத் திரும்பும்வரை பிள்ளை தலையில் கத்தி படாது. வந்ததும் மலையில் மொத்தமாகக் கொடுத்துவிடுவது. இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனவர் ஒரு சண்டையில் முதலாளி வீட்டைவிட்டு வெளியேறினார். பாஸ்போர்ட் முதலாளியிடமே தங்கிவிட்டது. ஒன்பது வருஷம் ஆயிற்று. கிரணின் சுருட்டை முடி கீழே தொங்காமல் குடைபோல விரிந்துகொண்டே போனது.

பாட்டும் குவைத்திலிருந்துதான் வந்தது. முதலாளி மகன் கேட்டுச் சலித்துத் தூக்கிப்போட்ட சிடிக்களை, ஆரம்பத்தில், சோப்பு தைலத்தோடு ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பியிருந்தார் வரதராஜன். பழைய அமெரிக்கக் கறுப்பர் குழுக்களின் ஃபங்க் இசை. அட்டையில் இருந்தவர்களுக்கும் இதே முடி.

"என்ன மாதிரியே ஆளுங்களா தேடிப் புடிச்சி அனுப்பிக்கிறாரு பாரு எங்க நைனா" என்று தாட்சாயணியிடம் காட்டிச் சிரித்தான் கிரண்.

தாட்சாயணி அடுத்த தெருப் பெண். திருப்பதியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் எதிரில் வாய் வராது. அந்தப் பாட்டுகளில் அவளைப் பிடித்துக்கொண்டது அடியில் ஓடும் பேஸ் கிடார்தான். காதுக்குக் கேட்பதற்குமுன் வயிற்றுக்குத் தெரிந்தது. கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவின் பேஸ் கிடாரை அவள் அண்ணன் சித்தூரில் வாங்கிக்கொடுத்தான். கல்யாண பேண்டில் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்த வேணு மூன்றாவதாகச் சேர்ந்தான். ரேணிகுண்டாவில் அவன் மாமாவின் டயர் கடைக்குப் பின்னால் ஞாயிறுதோறும் வாசித்தார்கள். கிரண் தமிழும் தெலுங்குமாகக் கலந்து ராப் சொன்னான். விசா ஏஜெண்டு, கம்பெனி வேனில் தூங்கி வழிகிற பெண்கள், ஏர்போர்ட் வாசலில் யாரையும் கட்டிக்கொள்ளத் தெரியாமல் நிற்கிற அப்பாக்கள், எல்லாம் அதில் வந்தார்கள். குழுவுக்கு 'ரேணிகுண்டா ஃபங்க்' என்று பெயர் வைத்தார்கள்.

செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொடுத்த காலம் அது. அவர்கள் பாட்டு நகரியிலிருந்து நாயுடுபேட்டை வரை ஷேர் ஆட்டோக்களில் ஓடியது. கல்லூரி விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். போஸ்டரில் முகம் இருக்காது; பெரிய சுருட்டைத் தலையின் நிழல் மட்டும் இருக்கும். தாட்சாயணி மேடையில் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நிற்பாள். முதல் வார்த்தைக்கு முன்னால் கிரண் அவள் பக்கம் திரும்புவான். அவள் தலையை அசைத்தால்தான் தொடங்குவான். அவள் பேசாமல் பேசியது அவ்வளவுதான். அது அவளுக்குப் போதுமாயிருந்தது.

சென்னையிலிருந்து ஒரு ஆடியோ கம்பெனி வீடியோ எடுக்கக் கூப்பிட்டது. அதே மாதம் குவைத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் ஊர் திரும்பப் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். ஒரு பையோடு வரதராஜன் வந்து இறங்கினார்.

"வர்ற சனிக்கெழம மலைக்குப் போயி குடுத்துட்டு வந்துடலாம்" என்றாள் பாப்பாத்தி.

"ஷூட்டிங் முடியட்டும்மா. பத்து நாள்தான்."

"ஒம்போது வருசமும் நான் பத்து பத்து நாளாத்தான்டா தள்ளிக்கினு வந்தேன்."

கட்டிலில் படுத்திருந்த வரதராஜன் கண்ணைத் திறந்தார். "பாட்டு வாய் பாடுதா, முடி பாடுதா?"

வேணு முதலில் சிரித்தான். பிறகு கிரணும் சிரித்துவிட்டான்.

மலைக்கு எல்லோருமாகப் போனார்கள். "நீ மட்டும் மொட்டையா நின்னா காமெடியா இருக்கும்டா" என்று வேணுவும் உட்கார்ந்துகொண்டான். தாட்சாயணி பின்னலின் நுனியில் மூன்று கத்தரி முடி மட்டும் கொடுத்தாள். சந்தனம் பூசிய தலையைத் தடவிக்கொண்டே வந்தான் கிரண்.

"காத்து நேரா மண்டையில படுது தாட்சா. லேசா இருக்குது." நைனாவின் தோளில் கை போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

சென்னையில் ஆடியோ கம்பெனிக்காரர் சிவசங்கரன் கிரணின் மொட்டையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். "யோவ், தலை எங்கய்யா?"

மதியத்துக்குள் ஒரு டோப்பா வந்தது. பழைய முடியைவிடப் பெரியது.

"எனக்கும் ஒண்ணு குடுங்க சார், ரெண்டு பேரும் கரடி டான்ஸ் ஆடறோம்" என்றான் வேணு. யாரும் சிரிக்கவில்லை.

"இது இல்லன்னா ஷூட்டிங் இல்ல தம்பி. உங்க பாட்டு யாருக்குத் தெரியும்? அந்தத் தலையத்தான் தெரியும்."

கிரண் டோப்பாவைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தான். "நெசமான முடி. எங்க மலையிலருந்துகூட வந்திருக்கும்" என்றான். பிறகு தாட்சாயணி பக்கம் திரும்பினான்.

வேண்டாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தெரியாத முகங்களெல்லாம் அவளையே பார்த்தன. இதை விட்டால் மூன்று பேரும் சேர்ந்து வாசிப்பது இதோடு நின்றுபோகும் என்று பயந்தாள். தலையை அசைத்தாள்.

அவன் மாட்டிக்கொண்டான்.

வீடியோ டிவியில் ஓடோ ஓடென்று ஓடியது. பாப்பாத்தி ஒரு தடவைதான் பார்த்தாள். "சாமிக்குக் குடுத்தத கடையில வாங்கி மாட்டிக்கினு ஆடறான்" என்று டிவியை அணைத்தாள். மகனிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் தேவலை. கிரண் சென்னையிலேயே தங்கி, புத்தூருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். வரதராஜன் மகனைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு டிவிக்குப் போனார்.

சொந்த முடி வளர்ந்தும் கம்பெனி டோப்பாவை விடவில்லை. அதனடியில் வேர்த்து, தலையெல்லாம் புண். புதுப் பாட்டு எதுவும் வரவில்லை. "எழுத உக்காந்தா அரிக்குது" என்றான் வேணுவிடம்.

அடுத்த வருஷம் திருப்பதியில் ஒரு கல்லூரி விழாவுக்குக் கிரண் வரவில்லை. போனை அணைத்துவிட்டான். சிவசங்கரன் அலட்டிக்கொள்ளவில்லை. டோப்பாவை வேறொரு பையன் தலையில் மாட்டி, கிரணின் பதிவுசெய்த குரலுக்கு வாயசைக்கவிட்டார். தாட்சாயணி மேடையில் நின்றாள். அந்தப் பையன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நேராகத் தொடங்கினான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அன்றோடு கிடாரைப் பைக்குள் வைத்தாள். வேணு கல்யாண பேண்டுக்கே திரும்பினான். கிரண் டிரைவர் விசாவில் குவைத்துக்குப் போனான்.

தாட்சாயணி இப்போது ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் தண்ணீர் சோதிக்கிறாள். போன மாதம் கிரண் லீவில் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவனுக்கு முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது.

"இப்ப டோப்பா குடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டேன்" என்று சிரித்தான். உள்ளே பாப்பாத்தி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான். "அன்னிக்கி நீ நெசமாவே போட்டுக்கோன்னுதான் தலையாட்டினியா?"

"வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்."

"அப்பறம்?"

"வாய் வரல."

"நீ சொல்லுவேன்னுதான் உன் பக்கம் திரும்பினேன். நீ சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்." கிரண் குரலில் கோபம் இல்லை.

"இருந்து துன்னுட்டுப் போ தாட்சா" என்று பாப்பாத்தி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். கிரணின் விரல்கள் நாற்காலிக் கையில் தட்டத் தொடங்கின. அவளுக்குத் தெரிந்த தாளம்தான், அவர்களுடைய முதல் பாட்டு. தொடங்கும் இடம் வந்ததும் பழக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லு கிரணு" என்றாள் அவள், வாய்விட்டு.

விரல்கள் இன்னும் கொஞ்சம் தட்டிவிட்டு நின்றன.

"மொத வரி மறந்துடுச்சி" என்றான்.