பியானோ ஏன் ஆடியது

எங்கள் மலையூரான மாவ்லாயில் மழை பெய்யாத நாளைக்கூடப் பார்த்துவிடலாம், கிட்டார் இல்லாத வீட்டைப் பார்க்க முடியாது. அத்தனை கிட்டார்காரர்களுக்கு நடுவிலும் லாம்ப்ராங்கின் காதுதான் கூர்மையானது என்று நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தோம். ஒரு முறை கேட்டால் போதும், அச்சு அசலாக வாசித்துக் காட்டுவான். அப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் அந்த நவம்பரில் சோதனை வந்தது.

அவன் வாசித்தது காங் தெய்லினின் குழுவில். காங் என்றால் அக்கா. காலையில் பெரிய சந்தையில் உருளைக்கிழங்கு விற்பாள், மாலையில் பாடுவாள். குழுவுக்குத் தலைவியும் அவள்தான். அவளுடைய மெதுவான பாட்டு ஒன்று உண்டு. பாதியில் அவள் நிறுத்துவாள், மறுபடி அவள் தொடங்கும்வரை கிட்டார்தான் பாட வேண்டும். அங்கே வேகம் உதவாது. ஒரே சுரத்தில் நின்று, கம்பியை அழுத்திய விரலை மெல்ல ஆட்டி, அந்தச் சுரத்துக்கு மூச்சு கொடுக்க வேண்டும். வைப்ரட்டோ என்பார்கள். அது சரியாக விழுந்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட வாயை மூடுவார்கள்.

லாம்ப்ராங்கின் சுரமோ, மலைப்பாதையில் ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து பேசுகிறவனின் குரல் மாதிரி ஆடியது. தேவாலய மண்டபத்தில் வாசித்தபோது முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. பெரியவர்கள் சிரித்தார்கள். அதுதான் மோசம்.

"உன் சுரத்துக்குக் குளிர் ஜுரம்டா," என்றாள் தெய்லின். "சனிக்கிழமை மைதானத்துல விழா. அதுக்குள்ள குணமாகலைன்னா கின்சாயை வரச் சொல்லிடுவேன். கோவிச்சுக்காத."

கின்சாய் பக்கத்துப் பேட்டையான லைதும்க்ராவில் பெயர் வாங்கிய கிட்டார்காரன். லாம்ப்ராங் கோபித்துக்கொள்ளவில்லை. அதைவிட மோசம், சாப்பிடவில்லை. தெய்லின் பக்கத்தில் நின்று வாசிப்பதைத் தவிர வேறு எதற்கும் அவன் ஆசைப்பட்டதில்லை.

ஊரே வைத்தியம் சொன்னது. கம்பியை மாற்று என்றார்கள், மாற்றினான். விரல் விறைத்திருக்கும் என்று அவன் அம்மா இஞ்சிச் சாறு தேய்த்தாள். கை எரிந்ததுதான் மிச்சம்.

கடைசியில் டிரம்ஸ் வாசிக்கும் ஷான்போர் அவன் வீட்டுக்கே போய், "எங்கேயிருந்துதான்டா கத்துக்கிட்ட இதை?" என்று கேட்டான். லாம்ப்ராங் பெருமையோடு ஒரு கேசட்டைப் போட்டான். பல வருடமாக அதைக் கேட்டுத்தான் பழகினானாம். பியானோவுக்கு மேலே கிட்டார் வந்தது, ஆடியது. லாம்ப்ராங்கும் கூடவே வாசித்தான். இம்மி பிசகாமல் அதே ஆட்டம். ஷான்போர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"விரலால கம்பியை ஆட்டினா கிட்டார் ஆடும், சரி. பியானோ ஏண்டா ஆடுது?"

ஷான்போர் கேசட்டை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தான். கருவாட்டு வாசனை. எங்கள் ஊரில் அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் தொங்கும். மழைக்காலத்தில் மீன், இறைச்சி, விறகு, நனைந்த காலுறை எல்லாம் அதில்தான் காயும். கேசட்டிலும் ஈரம் இறங்கக் கூடாதென்று அம்மா அதையும் பரணில் வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறாள். சூட்டில் நாடா இழுத்துக்கொண்டுவிட்டது. அந்தக் கோணல் முழுவதையும் நம் கூர்காதுப் பிள்ளை பக்தியோடு மனப்பாடம் செய்திருக்கிறான்.

ஷான்போர் தரையில் உருண்டு சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். கடைசியில் லாம்ப்ராங்குக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் சிரித்து முடித்தபின் கையில் ஒன்றுமில்லை. பழைய ஆட்டத்தை விட்டுவிட்டான், புதியது வரவில்லை. வெள்ளிக்கிழமை ஒத்திகையில் சுரம் பலகை மாதிரி நேராக நின்றது. தெய்லின் கின்சாய்க்கு ஆளனுப்பினாள்.

சனிக்கிழமை நல்ல வெயில். கின்சாய் கிட்டார் பெட்டியோடு மேடை ஓரத்தில் நின்றான். முதல் பாட்டு லாம்ப்ராங்குக்கு, அது சரியில்லையென்றால் அடுத்ததிலிருந்து கின்சாய் என்று தெய்லின் சொல்லிவிட்டாள். முதல் பாட்டே அந்த மெதுவான பாட்டுதான்.

அவள் பாடினாள். பின்பற்றக் கேசட் இல்லாததால், லாம்ப்ராங் பக்கத்தில் நின்றவளை முதல் முறையாகக் காது கொடுத்துக் கேட்டான். கடைசிச் சொல்லில் அவள் குரல் முதலில் நேராகப் போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் நின்றது. அதற்கப்புறம்தான், ஷான்போரின் தாளத்தோடு, அவசரமில்லாமல் அசைந்தது.

அவள் விட்ட இடத்தில் அவன் கம்பியை வளைத்தான். சுரம் போய்ச் சேர்ந்தது. பொறுத்தான். பிறகு மணிக்கட்டைத் திருப்பினான், தொட்டிலை ஆட்டுகிற மாதிரி. சுரம் மைதானத்தின் மேலே அகலமாகத் திறந்துகொண்டது. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். கின்சாய் பெட்டியைத் தரையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

இனி தெய்லின் மறுபடி பாட வேண்டிய இடம். லாம்ப்ராங் ஒதுங்கிக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் மைக்கை விட்டு ஓரடி பின்னால் போனாள். இடுப்புப் பையிலிருந்து பாக்கை எடுத்து, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையில் மடித்து, நிதானமாக வாயில் அடக்கிக்கொண்டாள். எங்கள் ஊரில் பாடப்போகிற எவளும் அதைச் செய்ய மாட்டாள்.

"மென்னு முடிக்க நேரமாகும்," என்றாள் வாய் நிறைய. "நீ வாசிடா."