எலிச் சமையல்

நான் சாக்கடை அடைப்பு எடுப்பவன். நாற்பத்தைந்து வயதில்தான் முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றேன். கற்றதும் போனில் எல்லாருடைய எண்ணையும் நானே பதிந்தேன். ஆள் பெயர் எனக்கு நிற்காது, குழாயில் வந்தது நிற்கும். முடி வீடு. டயப்பர் மாடி. பல்செட் தாத்தா. கடைத்தெருச் சாப்பாட்டுக் கடைக்காரர் 'எலிச் சமையல்'. அவர் சமையலறைக் குழாயில் இரண்டு எலிகள் ஊறிக் கிடந்தன.

யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் செயலி ஒன்றைப் போட்டேன். "உங்கள் தொடர்புகளைப் பகிரலாமா?" என்று கேட்டது. 'பகிர்' என்பது எங்கள் வகுப்பில் சோற்றுக்குப் பக்கத்தில் வந்த சொல். பகிர்ந்து உண்போம். நல்ல காரியம்தானே என்று 'சரி'யை அழுத்திவிட்டேன்.

பத்தாம் நாள் கடைக்காரர் கூப்பிட்டார். "யோவ், என் புது நம்பர்ல யாருக்குப் பேசினாலும் எலிச் சமையல்னு வருதாம். சம்பந்தி வீட்டுலயே கேட்டுட்டாங்க. எலி எடுத்தவன் நீதானே, உன் வேலைதான். வந்து மாத்து. இல்லேன்னா இந்தத் தெருவுல ஒரு கடையோட சாக்கடை மூடியையும் உன்னைத் திறக்க விடமாட்டேன்."

நான் வைத்த பெயர்களைச் செயலி ஊருக்கே பகிர்ந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. அந்தத் தெருவில் பதினாறு கடைகள். என் பிழைப்பே அவைதான்.

"பொய்யையா எழுதினேன்?" என்றேன் வீட்டில்.

"மலத்துக்கே மூக்கைப் பொத்தாத மனுசன், ஒரு வார்த்தைக்கு ரோசப்படுறீங்க. போய் மாத்திட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

போனேன். சமையலறை மறுபடி அடைத்திருந்தது. "முதல்ல இதைப் பாரு" என்றார். மூடியைத் தூக்கிக் கம்பியை விட்டுச் சுழற்றினேன். கொழுப்புக் கட்டியோடு வால் வந்தது, பிறகு உடம்பு. ஒரு முழம் தள்ளி அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் துண்டால் மூக்கை மூடியபடியே சொன்னார்: "கையைக் கழுவிட்டு எழுது. 'சுத்தமான சமையல்'."

எழுதினேன். 'சு'வுக்கு மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது, அவ்வளவுதான். அவர் தன் மகன் போனுக்கு அடித்துப் பார்த்தார். புதுப் பெயர் வந்தது.

"கோவிச்சுக்காதப்பா. உக்காரு, ஒரு தட்டு சாப்பிட்டுட்டுப் போ."

இருபது வருடம் குழிக்குள் இறங்கியிருக்கிறேன், ஒருநாளும் குமட்டியதில்லை. அன்று குமட்டியது. எலியைப் பார்த்து இல்லை.

"வீட்டுல ஆக்கி வச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் ஒருவர் கடைப் பலகையில் இருந்த எண்ணைத் தன் போனில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தமான சமையல்னு வருது, வா" என்று மனைவியையும் பிள்ளையையும் உள்ளே கூட்டிப் போனார்.

நான் சாக்கடை ஓரம்வரை பல்லைக் கடித்தபடி நடந்து, அங்கே குனிந்து வாயைத் திறந்தேன்.